வேலு நாச்சியார் நாடகம்: 8 நிமிடத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

சிப்புட் டீச்சர்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆண்டு விழாவுக்கு 6 பிள்ளைகளை வைத்து சிவகங்கை ராணி வேலு நாச்சியார் நாடகம் போடுகிறோம். நேரம் 8 நிமிடம். எந்தக் காட்சிகள் வேண்டும்? நாச்சியாரின் படைப்பெண் குயிலி, எதிரியின் ஆயுதக் கிடங்கை அழிக்கத் தீயோடு பாய்வதை எப்படிக் காட்டுவது? ராணி மங்கம்மாளையும் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா?

மாறன்:
மங்கம்மாள் வேண்டாம் டீச்சர். அவர் 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டவர். நாச்சியார் பிறந்ததே 1730இல். இருவரும் ஒரே மேடையில் வந்தால் ஒரே காலத்தவர் என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடும். சாலை, சத்திரம் என்று மங்கம்மாளுக்குத் தனி நாடகமே போடலாம்.

மூன்று காட்சி போதும். முதலில் 1772, காளையார்கோவில். கும்பெனிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்ற செய்தியை ஒற்றன் வந்து சொல்லட்டும். 6 பேரை வைத்துப் போர் காட்டினால் ஓட்டமும் சத்தமும்தான் மிஞ்சும், வசனம் பின்வரிசைக்குக் கேட்காது. இதற்கு ஒன்றரை நிமிடம்.

அடுத்து, அவர் அடைக்கலம் புகுந்த விருப்பாட்சிக்கு (திண்டுக்கல் பக்கத்துப் பாளையம்) 4 நிமிடம் கொடுங்கள், கதையின் உயிர் அங்கேதான். நாட்டை இழந்தவர் அந்தப் பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரவில் இருந்துகொண்டே மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் உதவியையும் பெற்றார். பிரதானி (அமைச்சர்) தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதும் இடத்தை இங்கே வையுங்கள். சிவகங்கையை மீட்கும் 1780 காட்சியில் பிள்ளையைக் கொண்டுவராதீர்கள், அதற்கு முன்பே இறந்துவிட்டார். மீதி நேரம் அந்த மீட்புக்கு.

கவிதாக்கா:
குயிலி கதை வாய்மொழியாக வந்தது. கதைசொல்லி "சிவகங்கை மக்கள் சொல்லி வருவது" என்று தொடங்கட்டும். விஜயதசமிக்குக் கோவிலுக்கு வரும் பெண்களாக, பூக்கூடையில் ஆயுதத்தை மறைத்து நுழைகிற இடத்தைப் பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள்.

தீக்குச் சூடம், மெழுகுவர்த்தி எதுவுமே வேண்டாம். நைலான் பாவாடை தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள் ஷிஃபான் துணியை 60 செ.மீ. நீளப் பட்டைகளாக வெட்டி, ஒரு சட்டத்தில் வரிசையாக அடியுங்கள். அதற்குக் கீழே மேசை விசிறியை அண்ணாந்து பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் துணி பக்கவாட்டில் படுத்துவிடும். சாட்டின் கனம், மேலே எழாது. விசிறிக்கு முன்னால் கம்பிக்கூடு கட்டாயம், பாவாடை உள்ளே இழுபடும்.

சிப்புட் டீச்சர்:
நன்றி அக்கா. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு குதிரையில் வருகிற மாதிரி யோசித்திருந்தோமே?

மாறன்:
அது ஜான்சி ராணியின் படம் டீச்சர், 1858ஐச் சேர்ந்தது. 1780இல் நாச்சியாரின் மகள் வெள்ளச்சி கைக்குழந்தை இல்லை, அம்மா பக்கத்தில் நின்று வசனம் பேசட்டும். நாச்சியாருக்கு அப்போது 50 வயது. நரை தெரிய முன்முடியில் கொஞ்சம் பவுடர் தடவுங்கள். வாளை 6 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடியுங்கள். அலுமினியத்தாள் ஒத்திகையிலேயே கிழியும். நாச்சியாரின் தளபதிகளான மருது சகோதரர்கள் கையில் வளரி (வளைந்த எறிகருவி) கொடுங்கள், அது அந்தச் சீமையின் ஆயுதம். ஆனால் வீசவிடாதீர்கள், தூக்கிக் காட்டினால் போதும்.