நாள் கணக்கில் நீங்கள் சறுக்கிய இடம் எது?

நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒரு திங்கள்கிழமை காலை கோப்பு ஒன்று வந்தது. "5 வேலை நாளில் முடித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். சரி என்றேன். கோப்பு வந்த நாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு என்று விரல் விட்டு எண்ணி, சனி ஞாயிறைத் தள்ளி, அடுத்த திங்களுக்கு நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டேன்.

வெள்ளி மாலை ஐந்தரைக்கு போன். "அச்சுக்குப் போக வேண்டும், கோப்பு எங்கே?" என் மேசையில் இன்னும் 46 பக்கம் மிச்சம் இருந்தது. விடிய விடிய உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். புத்தகம் வந்த பிறகு பார்த்தால், தவறிப்போன பிழைகள் எல்லாம் அந்த 46 பக்கத்தில்தான் இருந்தன. இப்போதும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கொஞ்ச நாள் கழித்து இரண்டு கணக்கையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். நெட்வொர்க்டேஸ் என்ற சூத்திரத்தில் திங்களையும் வெள்ளியையும் கொடுத்தால் 5 என்று வருகிறது. அது முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது. வொர்க்டே என்ற சூத்திரத்தில் திங்களைக் கொடுத்து 5 நாள் கூட்டினால் அடுத்த திங்கள் வருகிறது. அது தொடங்கும் நாளை எண்ணுவதில்லை. ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு கணக்கும் இருக்கின்றன, இரண்டும் சரிதான். அவர்கள் முதல் வகையில் எண்ணினார்கள், நான் இரண்டாவது வகையில் எண்ணினேன். எந்த வகை என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் யார் "இத்தனை நாள்" என்று சொன்னாலும், தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுகிறேன்: "வெள்ளி, 14-ஆம் தேதி, மாலை 5 மணி." கிழமையை விடவே கூடாது. தேதியைத் தப்பாகத் தட்டியிருந்தால் கிழமை பொருந்தாது, யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு மாதமும் நாளும் ஒன்று என்று நினைத்ததில் வந்தது. ஒரு சேவை ஒப்பந்தம் ஜூலை 1-இல் தொடங்கியது. அன்றிலிருந்து 90 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் விலகலாம் என்று இருந்தது. 90 நாள் என்றால் மூன்று மாதம்தானே, அக்டோபர் 1 வரை நேரம் இருக்கிறது என்று நம்பினேன். ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவோம் என்று செப்டம்பர் 30 அன்று அனுப்பினேன். ஒரு நாள் தாமதம் என்று மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் காகிதத்தை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். ஜூலை 31 வரை 30 நாள். ஆகஸ்ட் 31 வரை 61. செப்டம்பர் 29-உடன் 90 முடிந்துவிடுகிறது. ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து 31 நாள் மாதங்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. முழுதாக மூன்று மாதம் என்பது 89 நாளாகவும் இருக்கலாம், 92 நாளாகவும் இருக்கலாம், எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. என் மகளுக்கு முஷ்டியை மடக்கி மாதம் எண்ணச் சொல்லிக் கொடுத்தவன் நான். மேட்டுக்கு 31, பள்ளத்துக்குக் குறைவு. அன்றைக்கு என் கையையே நான் பார்த்துக்கொள்ளவில்லை.

* * *

"15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணிக்குள் விண்ணப்பிக்கவும்." 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து உட்கார்ந்தேன். பக்கம் மூடியிருந்தது. 15-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், முடியும் நள்ளிரவை நான் நினைத்திருக்கிறேன். ஒரு வருடம் காத்திருந்துதான் மறுபடி விண்ணப்பித்தேன். கெடு வைப்பவர்கள் தயவுசெய்து இரவு 11.59 என்று போடுங்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு முழு நாள் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

* * *

இயந்திரங்களுக்குப் பராமரிப்பு அட்டவணை போடுகிறேன். மாதக் கடைசி நாளில் சோதனை நடக்க வேண்டும். ஜனவரி 31-ஐ முதல் கட்டத்தில் போட்டு, எக்செல்லில் ஈடேட் சூத்திரத்தால் ஒரு மாதம் கூட்டி, வந்த விடையிலிருந்து இன்னொரு மாதம், அதிலிருந்து இன்னொன்று என்று கீழே இழுத்துவிட்டேன். பிப்ரவரி 28 வந்தது, சரி. அடுத்தது மார்ச் 28. அப்புறம் ஏப்ரல் 28, மே 28. பிப்ரவரியில் சுருங்கிய தேதி திரும்ப விரியவே இல்லை. ஐந்து மாதம் சோதனை முன்கூட்டியே நடந்துகொண்டிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

தீர்வு எளிதுதான். ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்தே கூட்ட வேண்டும்: ஜனவரி 31 உடன் ஒரு மாதம், ஜனவரி 31 உடன் இரண்டு மாதம். அப்படிச் செய்தால் மார்ச் 31 சரியாக வரும். மாதக் கடைசி மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே ஈயோமந்த் என்ற சூத்திரம் இருக்கிறது.

* * *

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். நள்ளிரவுக் கதையைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது, ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. புதன்கிழமை ஒருவர் "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு அது நாளை மறுநாள், சிலருக்கு ஒன்பது நாள் கழித்து. எங்கள் வீட்டிலேயே நானும் என் அக்காவும் இதில் ஒத்துப்போவதில்லை. அவர் "வர்ற வெள்ளி" என்று சொன்னால் மட்டும் எனக்குச் சந்தேகம் வராது. மற்றபடி "எத்தனாம் தேதி அக்கா?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறேன்.