டிகாக்கர் இல்லாத சிஇசட் 75 பி: எந்த நிலையில் இடுப்பில் வைப்பது?

சிப்புட் காவல் கேட்டது:

வணக்கம் அண்ணன்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் துணைப் போலீஸாக இருக்கிறேன். சம்பள நாளில் பட்டணத்து பேங்கிலிருந்து தோட்ட ஆபீஸ் வரை பணத்தோடு ஜீப்பில் வருவோம், மற்ற நாளில் கேட்டும் ரோந்தும். இதுவரை ஷாட்கன்தான். இப்போது கையில் சிஇசட் 75 பி பிஸ்டல் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஷிப்ட்டில் மூத்தவர் ஒருவர், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) தோட்டாவை ஏற்றிவிட்டு, கட்டைவிரலால் பின்னால் இருக்கும் ஹேமரைப் பிடித்தபடி விசையை அழுத்தி மெல்ல இறக்கி வைக்கிறார். "முதல் குண்டுக்கு விசை கனமாக இருக்கும், இதுதான் பத்திரம்" என்கிறார். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் காவல் கொட்டகைக்குள்ளேயே செய்கிறார். பார்க்கும்போதே மனசு பதறுகிறது. ஹேமரை இறக்கி வைப்பதா, மேலே வைத்து சேஃப்டி போடுவதா, சேம்பரைக் காலியாக விடுவதா? எது சரி?

ஈப்போ ரேஞ்ச்:

தம்பி, உங்கள் பதற்றம் நியாயமானது. அவர் சொல்லும் காரணம் சரி, செய்யும் முறை ஆபத்து.

டபுள் ஆக்‌ஷனில் (ஹேமர் கீழே இருக்க, விசையே அதைத் தூக்கி அடிப்பது) முதல் இழுப்பு நீளம், சுமார் நாலரை ஐந்து கிலோ கனம். ஹேமர் மேலே இருந்தால் சிங்கிள் ஆக்‌ஷன், சுமார் இரண்டு கிலோ, அதுவும் குட்டையான இழுப்பு. அதனால் ஹேமர் கீழே இருப்பது நல்லதுதான். ஆனால் 75 பி-யில் அதை இறக்கத் தனிக் கருவி (டிகாக்கர்) இல்லை. தோட்டா உள்ளே இருக்கும்போதே விசையை இழுத்துத்தான் இறக்க வேண்டும். உள்ளே தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் ஒரு கட்டை இருக்கிறது, விசையை இழுக்கும்போது அது விலகிவிடும். அந்த நேரத்தில் வியர்வைக் கட்டைவிரல் வழுக்கினால் தோட்டா வெடிக்கும். ஹேமர் நகர ஆரம்பித்ததும் விசையை விட்டுவிட்டால் பாதிக் காடி (ஹேமரைப் பாதி வழியில் நிறுத்தும் வெட்டு) பிடித்துக்கொள்ளும், ஆனால் பெரும்பாலோர் கடைசிவரை அழுத்தியே வைத்திருக்கிறார்கள். இதைத் தினமும் செய்தால் ஒருநாள் நடக்கத்தான் செய்யும்.

75 பி-யில் தோட்டா ஏற்றிய நிலையில் வைக்க, அதன் அமைப்பே தரும் வழி ஹேமர் மேலே, சேஃப்டி மேலே (அதாவது போட்ட நிலையில்). ஹேமர் கீழே இருந்தால் அந்த சேஃப்டி ஏறாது, முயன்று பார்க்க வேண்டாம். அந்தப் பழக்கம் கைக்கு வராதவர்களுக்குச் சேம்பர் காலியாக இருப்பதே மேல்.

சிப்புட் காவல்:

நன்றிண்ணே. சேஃப்டி போட்டு வைத்தால் ஷிப்ட் முடியும்போது எப்படிக் காலி செய்வது? ஸ்லைடு (பின்னால் இழுக்கும் மேல்பகுதி) நகரவில்லையே.

ஈப்போ ரேஞ்ச்:

நல்ல கேள்வி. சேஃப்டி போட்டால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். எனவே காலி செய்ய சேஃப்டியை இறக்கியே ஆக வேண்டும், ஹேமர் மேலே, சேம்பரில் தோட்டா. அந்தச் சில நொடிதான் நாள் முழுதிலும் மோசமான நேரம். மணல் நிரப்பிய டிரம்மை வெளியே வைக்கச் சொல்லுங்கள். குழல் முனை மணலுக்குள், விரல் விசைக் காப்புக்கு வெளியே. முதலில் மேகஸின் வெளியே, பிறகு சேஃப்டி இறக்கி, ஸ்லைடை இழுத்து, தோட்டா விழுந்ததா என்று பார்த்து, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். மேகஸினை எடுக்க மறந்து ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும், வரிசை மாறக்கூடாது.

தைப்பிங் ஓய்வு:

நானும் துணைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். கேட் வேலைக்குச் சேம்பர் காலி போதும் தம்பி. ஜீப்பில் பணத்தோடு வரும்போது மட்டும் யோசியுங்கள், ஒரு கையில் பை இருந்தால் ஸ்லைடு இழுக்க இன்னொரு கை கிடைக்காது. அதனால் பையைத் தூக்குபவர் வேறு, துப்பாக்கி வைத்திருப்பவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சிப்புட் காவல்:

சரிண்ணே. பக்கத்து டிவிஷனில் சிஇசட் பி-07 வைத்திருக்கிறார்கள், டிகாக்கரோடு. அது மேலா?

ஈப்போ ரேஞ்ச்:

உங்களைப் போல் வருடத்தில் கொஞ்சம்தான் சுடக் கிடைக்கும் ஆட்களுக்கு அதுதான் மேல், இதில் எனக்குச் சந்தேகமில்லை. நெம்புகோலை அழுத்தினால் விசையைத் தொடாமலே ஹேமர் பாதிக் காடியில் வந்து நிற்கும். முதல் இழுப்பு நீளமாகவே இருக்கும். அதையும் மணல் டிரம்மில்தான் செய்ய வேண்டும். ஒரு குண்டு சுட்டதும் ஹேமர் மேலேயே நிற்கும், உறையில் வைப்பதற்கு முன் மறக்காமல் டிகாக் செய்ய வேண்டும். பி-07-ல் டிகாக்கரை எடுத்து சேஃப்டியாகவும் மாற்றலாம், ஆனால் அதை ஆயுதக் கிடங்கு ஆள் மட்டும் தொடட்டும். துப்பாக்கி நம் சொத்து இல்லை.

இன்னொன்று, மழைக்கோட்டு. அதன் இடுப்புக் கயிறு நுனியில் பிளாஸ்டிக் முடிச்சு இருக்கும். உறையில் துப்பாக்கியைத் தள்ளும்போது அது விசைக் காப்புக்குள் போய்ச் சிக்கும். ஹேமர் கீழே இருந்தால் கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்தபடியே உள்ளே விடுங்கள். எதுவும் விசையை இழுத்தால் ஹேமர் விரலைத் தள்ளிக்கொண்டு எழும், உடனே நிறுத்தலாம். 75 பி-யில் ஹேமர் மேலே, சேஃப்டி போட்டிருந்தால் ஜீப்பின் பெல்ட் உரசி அந்தச் சின்ன நெம்புகோல் இறங்கியிருக்கிறதா என்று இறங்கும்போதெல்லாம் விரலால் தொட்டுப் பாருங்கள்.

சிப்புட் காவல்:

சார்ஜனிடம் பேசினேன். டிரம் வந்துவிட்டது. கேட்டில் சேம்பர் காலி, பண நாளில் பி-07 இருவருக்கு என்று எழுதிப் போட்டிருக்கிறார். ஹேமரைக் கையால் இறக்குவது நிறுத்தப்பட்டது. அந்த மூத்த அண்ணனும் கோபப்படவில்லை. வெறும் துப்பாக்கியில் முதல் இழுப்பைப் பழகலாமா?

ஈப்போ ரேஞ்ச்:

பழகுங்கள், டம்மி தோட்டா போட்டு. 75 பி-யில் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன உருளைப் பின், வெறுமனே அடித்துக்கொண்டே இருந்தால் உடையும். அசல் தோட்டா எதுவும் அந்த அறைக்குள்ளேயே இருக்கக்கூடாது.