மலாய் தேசிய மொழி என்றால் தமிழுக்கு என்ன இடம்? (சிங்கப்பூர்)

கரூர்ப்பையன்:
வேலைக்கு சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று கடையில் மீதிச் சில்லறையாக வந்த ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது, அதில் தமிழும் ஒன்று. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் தேசிய மொழி மலாய் என்கிறார்கள், அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலம். அப்படியானால் தேசிய மொழிக்கும் ஆட்சி மொழிக்கும் என்னதான் வித்தியாசம்? ஊரில் இந்திதான் தேசிய மொழி என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான்.

ஜூரோங்வாசி:
முதலில் அந்த இந்தி விஷயம். இந்திய அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று எந்த மொழியையும் சொல்லவில்லை. 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்கிறது, அவ்வளவுதான்.

இங்கே மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள் (ஆட்சி மொழியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. தேசிய மொழி மலாய் மட்டும். அது அடையாளத்துக்கு. 1965க்கு முன் மலேசியாவோடு இருந்தோம், சுற்றிலும் மலாய் பேசும் நாடுகள். தேசிய கீதம் மலாயில்தான். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) நான் கற்ற முதல் மலாய்ச் சொல் ‘செடியா’, அணிவகுப்பில் நேராக நில் என்கிற கட்டளை. சீனர், தமிழர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்கு ஒரே நொடியில் விறைத்து நிற்போம், இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

வவுனியா வாசகன்:
தம்பி, இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். இலங்கையில் 1956இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தது. 1978 அரசியலமைப்பில் தமிழையும் தேசிய மொழி என்றார்கள், ஆனால் அரசகரும மொழி (நீங்கள் சொல்லும் ஆட்சி மொழி) சிங்களம் மட்டும்தான். பெயர் கிடைத்தது, கந்தோரில் (அரசு அலுவலகத்தில்) கேட்கிற முழு உரிமை கிடைக்கவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தில்தான் தமிழும் அரசகரும மொழி ஆனது. அதற்குப் பிறகும் என் அம்மாவுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து தனிச் சிங்களத்தில் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் வாசித்து முடிக்கும்வரை அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் எந்த நாடாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, எந்த மொழியில் எழுதிக் கொடுத்தால் பதில் வரும் என்பதைத்தான்.

கரூர்ப்பையன்:
அண்ணா, உங்கள் அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஜூரோங் அண்ணா, அப்போ இங்கே தமிழுக்குக் கவலையே இல்லைதானே?

ஜூரோங்வாசி:
சட்டத்தில் இல்லை. பள்ளியிலும் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்கலாம். கவலை வீட்டுக்குள்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். என் மகளிடம் நான் தமிழில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். சரி என்று விடாமல் திரும்பவும் தமிழிலேயே கேட்கிறேன், சில நாள் தமிழில் பதில் வருகிறது.