'சார்ஜ்' என்ற சொல்லுக்கு வியாழக்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

ரோஸ் ஹில், மொரிஷியஸ், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'வீட்டில் மின்சாரம்' என்று நான்கு பக்கத்தில் ஒரு பயிற்சித்தாள் எழுதியிருக்கிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆங்கில மூலத்தில் 'சார்ஜ்' ஐந்து இடத்தில் வருகிறது, ஐந்தும் வேறு வேறு. பேருந்துக்குக் கொடுப்பது கட்டணம். (2005 முதல் மாணவருக்குப் பேருந்து இலவசம் என்பதால் அந்தச் சொல்லைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.) வகுப்பைப் பார்த்துக்கொள்பவர் பொறுப்பாளர். மின்கம்பி திருடியவன் மேல் குற்றச்சாட்டு. இது மூன்றும் சரி. நான்காவது, போனுக்குப் போடும் சார்ஜ். ஐந்தாவது, எலெக்ட்ரான் படத்துக்குக் கீழே.

தமிழ்நாட்டுப் பாடநூலைப் பார்த்து இரண்டுக்கும் 'மின்னூட்டம்' என்று போட்டேன். சனிக்கிழமை வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், போனுக்கு யார் ஊட்டிவிடுவது?" என்றான். வகுப்பே சிரித்தது. வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சு மொழி. ஊட்டு என்ற சொல்லைப் பாட்டி வாயில்தான் கேட்டிருப்பான். வேறு சொல் உண்டா?

போர்ட் லூயிஸ், செவ்வாய் காலை

அம்மா, மின்னூட்டத்தை விட்டுவிடாதீர்கள். உண் என்ற தன்வினைக்கு ஊட்டு பிறவினை. அறிவூட்டு, நினைவூட்டு, ஊக்கமூட்டு என்று கண்ணுக்குப் புலப்படாததை உள்ளே செலுத்தும் எல்லாவற்றுக்கும் அதுவே சொல். மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? பையன் சிரித்தால் அது பாடம் தொடங்கும் இடம். 1998-இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது இந்தத் தீவே கொந்தளித்தது, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு மானமுள்ள சமூகம் ஒரு சிரிப்புக்காகச் சொல்லைக் கைவிடலாமா?

ரோஸ் ஹில், செவ்வாய் மதியம்

ஐயா, அந்த நோட்டில் தமிழ் எண்ணும் இருக்கிறது. அதைப் பார்த்துக் கடையில் சில்லறை எண்ணுபவர் யார்? எனக்கு வேண்டியது பிள்ளை வாயில் வரும் சொல்.

டர்பன், தென்னாப்பிரிக்கா, செவ்வாய் மாலை

அக்கா, நான் சொல்லாராய்ச்சிக்காரன் இல்லை, மின்பணியாளன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசினால் அவர்கள் சார்ஜை விடுவதில்லை, ஆனால் அதற்குப் பின்னால் வரும் வினை எப்போதும் தமிழ். "சார்ஜ் ஏறலை", "சார்ஜ் ஏத்தணும்", "சார்ஜ் இறங்கிடுச்சு". யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, தானாகவே ஏறு, இறங்கு என்று வந்திருக்கிறது. பெயரை மட்டும்தான் கடன் வாங்கியிருக்கிறோம். அப்படியானால் மின் ஏற்று, மின் ஏறுகிறது, மின் இறங்கிவிட்டது. இதில் எந்தப் பிள்ளை சிரிக்கும்?

இங்கே எங்களுக்கு 'இறங்கு' நன்றாகவே பழக்கம். 2022-இலும் 2023-இலும் மின்வெட்டு ஆறாம் நிலைக்கு, அதாவது நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நிலைக்குப் போய், கடையை எப்போது திறப்பது என்பதையே அந்த அட்டவணை தீர்மானித்தது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'சுமை உதிர்த்தல்' என்பதுதான். மின்கட்டமைப்பிலிருந்து சுமையை உதிர்க்கிறார்களாம்! சரி, அது வேறு கதை.

செயின்ட் டெனிஸ், ரியூனியன், செவ்வாய் இரவு

டர்பன் அண்ணன் சுமை என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாங்கள் பேசும் பிரெஞ்சில் 'சார்ஜ்' என்றாலே முதல் பொருள் சுமைதான். வாடகை விளம்பரத்தில் 'சார்ஜ் உட்பட' என்று போட்டால் தண்ணீர், மாடிப்படி விளக்கு மாதிரி வீட்டின் மேல் ஏறும் செலவெல்லாம் சேர்த்து என்று அர்த்தம். ஒப்பந்த நிபந்தனைகள் எழுதிய ஆவணத்துக்குக்கூட 'கயே தே சார்ஜ்' என்றுதான் பெயர்.

மூலம் பிற்கால லத்தீன் 'காரிகாரே', 'காரஸ்' என்ற வண்டியில் பாரம் ஏற்றுவது. துப்பாக்கியில் மருந்து கெட்டித்ததும் அதே சொல்லால். மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துவைக்கும் வித்தை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தபோது பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தப் படைச் சொல்லையே எடுத்துக்கொண்டார். பல ஜாடிகளை வரிசையாக இணைத்து 'பேட்டரி' என்றார், அதுவும் பீரங்கி வரிசையின் பெயர்.

இன்னும் பாருங்கள். தமிழிலும் குற்றத்தைச் *சுமத்துகிறோம்*. பொறுப்பு என்பதில் இருப்பது பொறு, தாங்கு என்ற பொருளில். நம் முன்னோர் லத்தீன் படிக்கவில்லை, ஆனால் பாரம் ஏற்றத் தெரிந்தவர்கள். ரோஸ் ஹில் அக்கா, உங்கள் பிள்ளைகள் கரும்பு லாரியைப் பார்த்து கிரியோலில் என்ன சொல்வார்கள்?

ரோஸ் ஹில், செவ்வாய் இரவு

'சார்ஸே கான்'. கரும்பு ஏற்று. போனில் சார்ஜ் இல்லை என்றால் 'மோ போர்த்தாப் பேனா சார்ஸ்'. இரண்டும் ஒரே சொல் என்று இன்றுவரை எனக்கே தோன்றவில்லை. கரும்புச் சக்கையை எரித்துத்தான் இங்கே மின்சாரத்தில் ஒரு பங்கு வருகிறது. லாரியில் ஏறிய கரும்பு கடைசியில் போனில் ஏறுகிறது. இதை அப்படியே தாளில் போடப்போகிறேன்.

போர்ட் லூயிஸ், புதன் விடியற்காலை

பாரம் ஏற்றுதலுக்கு நம்மிடம் இன்னும் பழைய சொல் இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்'. மயிலிறகு பெய்த வண்டி. குறள் 475. பெய்தல் என்றால் இட்டு நிரப்புதல். 'மின்பெயல்' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு சுருக்கம்! அளவுக்கு மிஞ்சிப் பெய்தால் அச்சு முறியும் என்பதால் இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே வந்துவிடுகிறது. அப்புறம், அந்த லத்தீன் வண்டியான 'காரஸ்' நம் சகடு அல்லாமல் வேறென்ன?

செயின்ட் டெனிஸ், புதன் காலை

ஐயா, மன்னியுங்கள். காரஸ் லத்தீனுக்குள் வந்தது பழைய பிரான்சில் வாழ்ந்த கௌலியர் மொழியிலிருந்து. சகடமோ வடசொல் என்று உங்கள் தனித்தமிழ் அணியிலேயே சிலர் சண்டைக்கு வருவார்கள். மின்பெயல் என்றால் என் காதில் இடியோடு மழை பெய்கிறது.

காத்ர் போர்ன், மொரிஷியஸ், புதன் மதியம்

நான் இயற்பியல் நடத்துகிறவன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு அடிப்படைத் தவறு ஓடிக்கொண்டிருக்கிறது.

போனின் பேட்டரி நிறைந்திருந்தாலும் தீர்ந்திருந்தாலும் அதன் மொத்த மின்னூட்டம் பூச்சியம்தான். நாம் உள்ளே எதையும் கொட்டி நிரப்புவதில்லை. ஒரு முனையில் போகும் எலெக்ட்ரான் அளவுக்கு மறுமுனையில் வெளியே வந்துவிடுகிறது. உள்ளே லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து கிராஃபைட் பக்கம் தள்ளப்படுகின்றன, அவ்வளவுதான். மேட்டில் ஏற்றி நிறுத்திய வண்டி மாதிரி. விட்டால் இறங்கும், இறங்கும்போது வேலை செய்யும். ஏறுவது ஆற்றல். எலெக்ட்ரானுடைய சார்ஜோ அதன் பிறவிக்குணம், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. நமக்கு அந்தத் தலைவிதி இல்லை. குணத்துக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம் என்று பிரித்துவிடலாம். இலங்கைப் பாடநூல்கள் குணத்தையே ஏற்றம் என்கின்றன, நேரேற்றம், மறையேற்றம் என்று. அவர்களிடம் படித்தவர்கள் என் மேல் பாய்வார்கள், தெரியும்.

டர்பன், புதன் மதியம்

மேட்டில் நிறுத்திய வண்டி! அண்ணே, இதை எனக்கு யாராவது தொழில் படிக்கும்போதே சொல்லியிருக்கலாம். என் ஓட்டு உங்களுக்கு.

போர்ட் லூயிஸ், புதன் மாலை

பிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏற்றம் என்பதில்தான் மறுப்பு. ஏற்றம் என்றால் கிணற்றில் நீர் இறைப்பது. ஏற்றம் என்றால் உயர்வு. விலையேற்றம், ஏற்ற இறக்கம். கோயில் வாசலில் 'இன்று முதல் மின்னேற்றம்' என்று பலகை வைத்துப் பாருங்கள், மின்கட்டணம் உயர்ந்துவிட்டது என்று ஊர் கூடிவிடும். வினையிலும் குழப்பம். 'பொறுப்பேற்றார்' என்பது ஏல் என்ற பகுதியிலிருந்து வந்தது, ஏறுவிலிருந்து அல்ல. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஏற்றார், ஏற்றினார் இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்?

ரோஸ் ஹில், புதன் இரவு 11 மணி

ஐயா, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஏற்றார் என்று எழுதிவிட்டாலே நான் கோவிலில் தேங்காய் உடைப்பேன். எங்கள் வீட்டில் இன்னும் விளக்கு *ஏற்றுகிறோம்*. அது கட்டணம் உயர்ந்ததென்று யாரும் நினைப்பதில்லை.

நாளை காலை ஏழு மணிக்கு அச்சகம். மின்னேற்றத்துக்கு டர்பன், ரியூனியன், காத்ர் போர்ன், நான். மின்பெயலுக்கு ஐயா ஒருவர். போனுக்கு 'மின் ஏற்று, மின் ஏறுகிறது, மின் இறங்கியது' என்று வினையாகவே போடுகிறேன். பெயர்ச்சொல் ஒரே ஒரு இடத்தில். எலெக்ட்ரான் படத்துக்குக் கீழே மின்னூட்டம் அப்படியே இருக்கட்டும், அந்தப் பக்கத்தில் யாரும் சோறு நினைப்பதில்லை. தூங்கப் போகிறேன்.

போர்ட் லூயிஸ், வெள்ளி காலை

தாள் கைக்கு வந்தது, நன்றி. கரும்பு லாரிப் படம் அழகு. பேரனிடம் காட்டினேன், 'சார்ஸே' என்றான், பிறகு 'ஏற்று' என்றான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'மின் ஏற்றம்' என்று பிரித்து அச்சிட்டிருக்கிறீர்கள். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். மின்னேற்றம். மின்பெயல் என்றிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

ரோஸ் ஹில், வெள்ளி மாலை

தெரிந்துதான் பிரித்தேன், ஐயா. சேர்த்து எழுதினால் 'மின்னே' என்று நிறுத்திவிட்டு மூச்சு வாங்குகிறார்கள்.