டார்.ஜிஇசட் கோப்பு வழியிலேயே விரிந்துவிடுகிறது: அப்பாச்சி அமைப்பில் உதவி தேவை

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புகளுக்கான எழுத்துரு, விசைப்பலகைப் பொதிகளின் மூல நிரலை டார்.ஜிஇசட் (ஒன்றாகக் கட்டி, ஜிசிப் முறையில் சுருக்கிய) கோப்புகளாக ஒரு பகிர்வு வழங்கியில் வைத்திருக்கிறோம். அதில் இயங்குவது அப்பாச்சி 2.4 என்ற வலை வழங்கி மென்பொருள்; எங்கள் கையில் இருப்பது, அடைவுவாரியாக அதன் அமைப்பை மாற்ற உதவும் .எச்டிஆக்சஸ் கோப்பு மட்டுமே. வழங்கி மாறிய 3 வாரங்களாக, டெபியன் 12 (லினக்ஸ்) கணினிகளில் பொதி கட்டும் நிரல் இறக்கும் கோப்பின் ஷா256 மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்), நாங்கள் பதிந்து வைத்ததோடு ஒத்துப்போவதில்லை.

கோப்புகளை இறக்கும் கர்ல் கட்டளையை வெறுமனே இயக்கினால் கோப்பு சரியாகவே வருகிறது. சுருக்கிய மறுமொழியைக் கேட்டு, வந்ததை விரித்துத் தரும் ‘--கம்ப்ரெஸ்டு’ தெரிவைச் சேர்த்தாலோ, ஜிசிப் கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய 1எஃப் 8பி என்ற இரு பைட்டுகள் இன்றி, விரிந்த டார் கோப்பாக வந்து சேர்கிறது. மறுமொழித் தலைப்பில் ‘கன்டென்ட்-என்கோடிங்: எக்ஸ்-ஜிசிப்’ என்று இருக்கிறது.

அனுப்பும்போதே கோப்பைச் சுருக்கும் அப்பாச்சி கூறான மாட்_டிஃப்ளேட்தான் காரணம் என்று எண்ணி, அதைத் தடுக்கும் ‘நோ-ஜிசிப்’ மாறியை அமைத்தேன். பயனில்லை (இரண்டு மாலைகள் இதில் போயின). கோப்பின் பெயரை மாற்றினால் சிக்கல் தீர்கிறது, ஆனால் பழைய பொதிகளின் முகவரிகள் உடைந்துவிடும். தளத்தின் சிஎஸ்எஸ் கோப்புகள் முன்பே சுருக்கி .ஜிஇசட் வடிவில் வைக்கப்பட்டிருப்பதால், அவற்றுக்கு அந்தத் தலைப்பு தேவை.

பொதிகள் உள்ள அடைவில் மட்டும் அந்தத் தலைப்பை நிறுத்தும் ‘ரிமூவ்என்கோடிங் .ஜிஇசட்’ என்ற வரியை எழுதினால் போதுமா, அல்லது ‘ஆட்-டைப்’ கட்டளையைக் கொண்டு கோப்பு வகையையும் சேர்த்து அறிவிக்க வேண்டுமா?