மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்கு: வோல்ட், ஆம்பியர் அளந்து பார்த்த அனுபவங்கள்

ராதாபுரம் பக்கத்திலிருந்து:

மாமனார் வீட்டில் 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். வீட்டுத் தொட்டிப் பக்கம் இருந்தவரை ஒழுங்காக ஓடியது, தோட்டத்துக் கடைசியில் இருக்கிற கிணற்றடிக்கு மாற்றி, கையில் கிடந்த 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரை 100 மீட்டர் இழுத்துக் கொடுத்த நாளிலிருந்து உறுமல் மட்டும்தான், சுற்றுவதில்லை. ரிப்பேர் கடையில் "வைண்டிங் போயிட்டு அண்ணாச்சி, புதுசா கட்டணும்" என்றார்கள். கண்டன்சரை மாற்றியும் பார்த்தாயிற்று. "கூடங்குளத்துல ரெண்டு உலை, ஒவ்வொண்ணும் 1000 மெகாவாட், இங்க ஒரு எச்பிய சுத்த வைக்க முடியல" என்று மச்சான் நக்கல் வேறு.

எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். அதன் மின்தடையை மல்டிமீட்டரில் ஓம் பக்கம் திருப்பி நேராகப் பார்க்கலாம், ஆனால் இவ்வளவு சின்ன ஓமை சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது, அதன் முள் வயரே கொஞ்சம் ஓம் சேர்த்துவிடும். (கரண்டு இருக்கும்போது ஓம் பக்கம் வைத்துத் தொடவே கூடாது, அது தனி.) அதனால் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரில் 1500 வாட் ஹீட்டர் ராடைப் போட்டு ஓடவிட்டேன். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் 228 வோல்ட், கிணற்றடியில் 214, வயரை வெளியிலிருந்து கவ்வி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியர். நடுவில் காணாமல் போன 14 வோல்ட்டை 6ஆல் வகுத்தால் 2.3 ஓம், போக வர 200 மீட்டர் வயரின் மின்தடை அதுதான். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பருக்கு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் என்று அட்டவணையில் இருக்கும், 200 மீட்டருக்கு 2.4, ஆக கணக்கு ஒத்துப்போகிறது. 14ஐ 6ஆல் பெருக்கினால் 84 வாட், வயரைச் சூடாக்குவதற்கு மட்டும். ராடுக்குப் போய்ச் சேர்ந்தது 214 × 6, அதாவது 1284 வாட், அட்டையில் 1500 என்று போட்டிருந்தாலும்.

சரி, 14 வோல்ட் போனால் மோட்டார் நிற்குமா என்று மாமா கேட்டார். ஓடும் மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 30 ஆம்பியர் என்று வையுங்கள், 30 × 2.3, கிட்டத்தட்ட 70 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாரில் இந்தக் கழித்தல் அப்படியே சரியாக வராது, ஏசி கரண்டும் வோல்ட்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது, அதனால்தான் ராடு போட்டு அளந்தேன். ஆனாலும் மதிப்புப் போட இது போதும். மோட்டார் சுற்றும் விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும் என்பதால், மிச்சமிருக்கும் 160 வோல்ட்டில் அதற்குப் பாதி பலம்தான் இருக்கும். 4 ஸ்கொயர் எம்எம் வயர் மாற்றினோம், தடை 1 ஓமுக்கும் கீழே வந்தது, மோட்டார் அதே பழைய வைண்டிங்கில் சுற்றுகிறது. மச்சானைத்தான் அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கம் காணோம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ராடு போட்டது நல்ல யோசனை அண்ணாச்சி. ஆனால் ராடுக்குப் பதில் குண்டு பல்பு போட்டு இந்தக் கணக்கைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 100 வாட், 230 வோல்ட் பல்பின் தடை என்ன என்றால் 230 × 230 ÷ 100, 529 ஓம் என்று எல்லாரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள். பல்பைக் கையில் கொடுத்து மீட்டரில் பார்க்கச் சொன்னால் நாற்பது ஓம் சுமாருக்குக் காட்டும். "சார், மீட்டரு பொய் சொல்லுது" என்றான் ஒருத்தன். மீட்டர் பொய் சொல்லவில்லை, டங்ஸ்டன் இழை ஆறியிருக்கும்போது தடை அவ்வளவுதான், எரிந்து வெள்ளையாகச் சூடேறினால் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். சுவிட்ச் போட்ட நொடியில் பல்பு ஃபியூஸ் ஆவதற்கும் இது ஒரு காரணம். ஹீட்டர் ராடின் நிக்ரோம் கம்பியில் இந்த வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், அதை நம்பலாம்.

அம்பையிலிருந்து:

கிளாம்ப் மீட்டர் புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க. எங்கள் தெருவில் ஒரு தம்பி மோட்டாரின் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வவிட்டு, "கரண்டே இழுக்கல, ஆனா தண்ணி வருது" என்று அதிசயப்பட்டான். போகிறதும் வருகிறதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் காட்டும். ஒற்றை வயரைப் பிரித்துக் கவ்வவிடணும்.

இன்னொன்று, மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி அதுதான் வாட் என்று எழுதாதீர்கள். எங்கள் 1 எச்பி மோட்டார் 230 வோல்ட்டில் 7 ஆம்பியர், பெருக்கினால் 1610 வருது. மற்றதெல்லாம் அணைத்துவிட்டு ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுவதை எண்ணினேன், ஒரு நிமிஷத்துக்கு 64. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று போட்டிருக்கிறது, ஆக ஒரு மணி நேரத்துக்கு 1.2 யூனிட், அதாவது 1200 வாட்தான். 1200ஐ 1610ஆல் வகுத்தால் 0.75 சுமார், பெருக்கி வருவதில் நிஜ வாட் எவ்வளவு பங்கு என்று சொல்லும் இந்த எண்தான் மோட்டாரின் பவர் ஃபேக்டர். உங்கள் மீட்டரில் 3200க்குப் பதில் வேறு எண் போட்டிருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடுங்க.