‘கோர்புஸ்’ என்ற லத்தீன் சொல்லின் பன்மை ‘கோர்பி’ ஆகாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். சட்டம் படிக்கும் நான் லத்தீனைத் தனியாகக் கற்று வருகிறேன். ‘உடல்’ என்று பொருள்படும் கோர்புஸ், ‘எசமானன்’ என்னும் தோமினுஸைப் போலவே ‘உஸ்’ என்று முடிவதால், கோர்பி என்று பன்மையும் கோர்பும் என்று இரண்டாம் வேற்றுமையும் எழுதினேன். இரண்டும் தவறு என்கிறது விடைப்பகுதி. ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்ற தொடரில் உடல் செயப்படுபொருள்தானே? அங்கே உருபைக் காணவில்லையே?

மறுமொழி 1:
ஈற்றை மட்டும் பார்த்ததால் வந்த குழப்பம் இது. அகராதி ‘கோர்புஸ், கோர்பொரிஸ்’ என்று இரண்டு வடிவங்களைத் தரும். இரண்டாவது ஆறாம் வேற்றுமை, அதில் ‘இஸ்’ நீங்கினால் நிற்கும் கோர்பொர் என்பதே அடிச்சொல். நாம் ‘மரமை’ என்னாமல் ‘மரத்தை’ என்பது போல, கோர்பொரி, கோர்பொரே என்றும், பன்மையில் கோர்பொரா, கோர்பொரும், கோர்பொரிபுஸ் என்றும் வரும். உயிர்களுக்கு நடுவே நின்ற ஸகரம் பழைய லத்தீனில் ரகரமாகத் திரிந்ததே இதற்குக் காரணம்.

தோமினுஸ் ஆண்பால், கோர்புஸோ ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால். நடுப்பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் எப்போதும் ஒரே வடிவம்தான். ‘மரம் வெட்டினான்’ என்பதில் ஐ உருபு இல்லாமலே பொருள் விளங்குகிறதல்லவா? ‘ஹேபியஸ்’ என்பது ‘நீ வைத்திருப்பாயாக’ என்னும் பொருளுடையது. காவலில் வைத்திருப்பவரை நோக்கி, காவலில் உள்ளவரது உடலை மன்றத்தில் நிறுத்தச் சொல்வது. தமிழில் ‘ஆட்கொணர்வு மனு’ என்று உடலை ஆளாக்கியவர் நன்றாகவே சிந்தித்திருக்கிறார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆங்கிலச் சொற்களிலும் அந்த ரகரம் தெரிகிறதா? ராணுவக் கார்ப்பரலும் இதன் வழிவந்தவர்தானா?

மறுமொழி 2:
கார்ப்பரேஷன், இன்கார்ப்பரேட் ஆகியவற்றில் தெளிவாகத் தெரிகிறது. பலர் சேர்ந்து ஓருடலாவது என்பதே அவற்றின் கருத்து. பிணத்தைக் குறிக்கும் கார்ப்ஸும், படைப்பிரிவைக் குறிக்கும் ‘கோர்’ என்பதும் பிரெஞ்சு வழியாக வந்தவை ஆதலால் அங்கே ரகர அடி இல்லை. குருதியணுவுக்கு வழங்கும் கார்ப்பசல், ‘சிற்றுடல்’ என்னும் கோர்புஸ்குலும் என்பதிலிருந்து வந்தது. உடலில் அடிக்கும் கார்ப்பரல் தண்டனை ஐயமின்றி இதன் வழிவந்தது. ராணுவப் பதவியின் பெயரையோ, ‘தலை’ என்னும் இத்தாலியக் காபோவோடு இணைப்பவர்களும் உண்டு.

கேட்டவர்:
அப்படியானால் ‘காலம்’ எனப்படும் டெம்புஸ் என்பதற்கு டெம்பொரா. மனுஸ் என்பதற்கு மனொரா என்று எழுதலாமா?

மறுமொழி 1:
முதலாவது சரி, டெம்பரரி என்ற சொல்லிலும் அந்த அடியைக் காணலாம். ‘கை’ என்னும் மனுஸோ, பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும் முறைகளில் நான்காம் வகைப்பாட்டைச் சேர்ந்த பெண்பால் சொல். அதன் பன்மை, ஈற்றுயிர் நீண்டு, மனூஸ் என்றே வரும்.